95 சிவிக்குக்கு இன்டெக்ராவின் பிறேக்கும் சஸ்பென்ஷனும்: யாட்டிலிருந்து எதை எடுக்கலாம்?

நிரோ (ஸ்காபரோ)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1995ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஹாட்ச்பாக் ஒன்று இருக்கிறது. டிஎக்ஸ் மொடல், 1.5 லீற்றர், ஐந்து கியர் மனுவல். பெரியப்பா கனடா வந்து முதன்முதலாகப் புதிதாக வாங்கிய கார். பிறகு எத்தனையோ கார்கள் அவர் வீட்டுக்கு வந்து போய்விட்டன, இதை மட்டும் விற்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் பனிக்கு முன்னே அடிப்பகுதிக்கு எண்ணெய் அடிப்பித்து வைத்திருந்தார். அதனால் பின் சில்லு வளைவுகளில் கொஞ்சம் கறள் இருப்பதைத் தவிர உடம்பு நல்ல நிலையில் இருக்கிறது. இப்போது சாவி என் கையில்.

பிரச்சினை இரண்டு. 401 நெடுஞ்சாலையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்னால் வாகனங்கள் திடீரென்று நின்றால், முதல் தடவை அழுத்தும்போது கார் ஒழுங்காக நிற்கிறது. அடுத்த கிலோமீற்றரிலேயே மறுபடி அழுத்த வேண்டி வந்தால் பெடல் மென்மையாகிப் போகிறது, ஸ்ரியரிங் நடுங்குகிறது. மற்றது, வளைவில் ஒரு குழியில் ஏறி இறங்கினால் பின்பக்கம் தானாக ஒரு பக்கம் விலகி மறுபடி திரும்புவதுபோல் இருக்கிறது. முதல் முறை அப்படி நடந்தபோது ரயரில் காற்றுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில், பழைய கார்களின் பாகங்களை நாங்களே போய்க் கழற்றி எடுக்கும் யாட் ஒன்றில், ஹொண்டாவின் அக்கூரா பெயரில் வந்த 1998 இன்டெக்ரா எல்எஸ் ஒன்று வந்து கிடக்கிறது. முன் வலப்பக்கம் இடிபட்ட கார். அதிலிருந்து முன் நக்கிள் (சில்லின் ஹப்பைத் தாங்கும் இரும்பு), கலிப்பர் (பாட்டை டிஸ்க்கில் அமுக்கும் பாகம்), டிஸ்க், பின் ட்ரெயிலிங் ஆர்ம் (பின் சில்லை உடம்போடு இணைக்கும் நீண்ட கை) டிஸ்க்குடன், நான்கு ஷொக், ஸ்பிரிங், பின் ஸ்வே பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), மாஸ்டர் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தைப் பிறேக் எண்ணெய்க்குக் கொடுப்பது) எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று யோசிக்கிறேன். ஆயிரம் டொலருக்குள் முடித்தால் நல்லது. என்னிடம் டோர்க் ரென்ச், நல்ல ஸ்ராண்ட்கள், மச்சானின் ட்ரைவ்வே எல்லாம் இருக்கின்றன. பிறேக் பாட், கிளட்ச் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். 13 அங்குல இரும்புச் சில்லுகளில் நல்ல நிலையில் உள்ள பனிக்கால ரயர் செட்டும் இருக்கிறது.

எல்லாம் நேரே பூட்டுப்படுமா? எதை எடுக்கக்கூடாது? இன்சூரன்ஸ், சேஃப்டி பக்கம் ஏதாவது சிக்கல் வருமா? அனுபவம் உள்ள அண்ணைமார் சொல்லுங்கோ.


வாசன் (மல்வேர்ன்)

நிரோ, இன்டெக்ராவில் கை வைக்க முதல் உங்கள் காரில் இப்போது இருக்கிற பிறேக்கைப் பாருங்கள். நீங்கள் சொல்வது அளவு சின்ன பிறேக்கின் குணம் மட்டும் இல்லை. பெடல் மென்மையாகிறது என்றால் பிறேக் எண்ணெய் பழசாகி ஈரம் இழுத்திருக்கிறது. டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்துவிட்டால் 140 பாகைவரை இறங்கலாம். கலிப்பருக்குள் அது கொதித்தால் ஆவிக் குமிழ் வரும். குமிழ் அமுங்கும், எண்ணெய் அமுங்காது, அதனால்தான் கால் உள்ளே போகிறது. கடைசியாக எண்ணெய் மாற்றியது எப்போது என்று பெரியப்பாவைக் கேளுங்கள்.

அத்தோடு, கார் நிற்பது ரயரில். டிஎக்ஸ் பிறேக்காலேயே நான்கு சில்லையும் சுற்றவிடாமல் பூட்டி இழுக்க முடியும் என்றால், பெரிய டிஸ்க் போட்டு முதல் நிறுத்தத்தின் தூரம் குறையப் போவதில்லை. நல்ல ரயர், புது டிஸ்க், தரமான பாட், புது எண்ணெய். முதலில் இவற்றைச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டு யாட்டுக்குப் போங்கள்.


கராஜ் சிவா

தம்பி நிரோ, வாசன் சொன்னது சரி. எண்ணெயும் டிஸ்க்கும் இந்த வாரமே மாற்ற வேண்டியவை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். இந்தத் தலைமுறைச் சிவிக்குகளுக்குக் கீழே என் வாழ்க்கையில் நிறைய நேரம் போயிருக்கிறது. இவை ஒவ்வொன்றாக நசுக்கப்பட்டுப் போவதைப் பார்க்க மனம் கேட்காது. ஒன்றை ஒழுங்காகக் காப்பாற்ற நினைக்கிறவருக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் விட மாட்டேன்.

முதலே சொல்லிவிடுகிறேன். யாட்டிலிருந்து இரும்பை எடுங்கள். இறப்பரும், எண்ணெய் அழுத்தம் தாங்குகிற பொருளும், தேய்கிற பொருளும் புதிதாக இருக்கட்டும். உங்கள் பட்டியலை அந்தக் கண்ணோடு பார்த்தால் பாதி தானாகவே விழுந்துவிடும்.

ஏன் பொருந்துகிறது என்று கேட்டால், 1994 முதல் 2001 வரை வந்த இன்டெக்ரா உங்கள் 92-95 சிவிக்கின் அடித்தளத்திலேயே எழுந்த கார். நான்கு பக்கமும் அதே இரட்டை விஷ்போன் (மேலும் கீழும் ஆர்ம் உள்ள) சஸ்பென்ஷன் அமைப்பு, அதே 4x100 (100 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு) சில்லு ஆணி. ரைப் ஆர் என்ற வேக மொடல் மட்டும் வேறு சாதி: ஐந்து ஆணி, 282 மில்லிமீற்றர் டிஸ்க். அதைக் கண்டாலும் தொடவேண்டாம், உங்கள் சில்லு ஒன்றுமே ஏறாது.

முன்பக்கம். உங்கள் டிஎக்ஸ் டிஸ்க் 240 மில்லிமீற்றர், இன்டெக்ரா 262. பாட் பிடிக்கிற இடம் மையத்திலிருந்து 11 மில்லிமீற்றர் வெளியே போகிறது, அதனால் அதே அழுத்தத்துக்குப் பிடி பத்து வீதத்தை ஒட்டிக் கூடுகிறது. அதைவிடப் பெரிய லாபம் வெப்பத்தில்தான். அதிக இரும்பு என்றால் இரண்டாவது, மூன்றாவது அழுத்தத்திலும் குளிர்ச்சியாக இருக்கும். உங்கள் 401 பிரச்சினைக்கு நேரான மருந்து இதுதான். கலிப்பரை மட்டும் எடுத்தால் போதாது, நக்கிளோடு முழுதாக எடுக்க வேண்டும். உங்கள் அச்சுத் தண்டு அந்த நக்கிளில் சில்லு ஏறும் ஹப்புக்குள் அப்படியே போகும்.

ஆனால் அந்த நக்கிளுக்குள் இருக்கும் பெயரிங் பழசு. அதைச் சில்லு ஹப்பிலிருந்து பிரஸ் வைத்துத்தான் பிரிக்க வேண்டும், பிரித்தால் பெயரிங் செத்துவிடும். ஆகவே புதுப் பெயரிங் என்று கணக்கில் சேருங்கள். கீழ் போல் ஜொயின்ற்றும் அந்த நக்கிளுக்குள்தான் அழுத்தி இருக்கிறது, அதையும் அதே நேரத்தில் மாற்றுங்கள். மேல் போல் ஜொயின்ற் மேல் ஆர்மோடு ஒன்றாக வரும், அது உங்கள் காரிலேயே இருக்கும். அச்சு நட்டு ஒரு தடவை மட்டும் பாவிப்பது, புதிது வாங்கி இறுக்கி விளிம்பை அடித்து மடக்குங்கள். யாட் டிஸ்க்கை எடுக்க வேண்டாம். முன் டிஸ்க் புதிதாக இருக்கும்போது 21 மில்லிமீற்றர், 19க்குக் கீழே போனால் குப்பை. யாட்டில் கிடப்பது பெரும்பாலும் அந்த எல்லையிலேயே நிற்கும். அதைப் பிடித்திருக்கும் இரண்டு பிலிப்ஸ் ஆணிகளைச் சாதாரண திருப்புளியால் தொடாதீர்கள், தலை வழுக்கிவிடும். சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ற் ட்ரைவர் கையில் இருக்கட்டும். உங்கள் சொந்தக் காரிலும் அதே ஆணிகள்தான்.

இப்போது பின்பக்கம். இதில்தான் உங்கள் இரண்டாவது பிரச்சினை ஒளிந்திருக்கிறது. வளைவில் குழி ஏறினால் பின்பக்கம் தானாக விலகுகிறது என்றீர்கள் அல்லவா? அது ட்ரெயிலிங் ஆர்மின் பெரிய புஷ். ஆர்ம் காரின் உடம்போடு சேரும் இடத்தில் இருக்கும் அந்த இறப்பர் கிழிந்துவிட்டால், சில்லு அடி வாங்கும்போது ஆர்ம் முழுதும் முன்னும் பின்னும் நகர்ந்து சில்லின் திசையே மாறும். இந்த வயதுச் சிவிக்கில் அது முழுதாக இருந்தால்தான் ஆச்சரியம். பெரிய ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்றை இடையில் விட்டு நெம்பிப் பாருங்கள், வெடிப்பு வாய் திறக்கும்.

அந்த இன்டெக்ராவிலும் அதே புஷ்தான், அதே வயதுதான். அதை அப்படியே எடுத்துப் பூட்டினால் டிஸ்க் வரும், ஆட்டம் போகாது. ஆகவே ஆர்மை எடுத்து, பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி, புதிதைப் போடுங்கள். போடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். அந்த இறப்பருக்குள் வெறுமையான இடங்கள் உண்டு, அவை எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று ஒரு நிலை இருக்கிறது. பழையதைத் தள்ள முதல் ஆர்மில் கோடு கீறி வையுங்கள். திருப்பிப் போட்டால் சீக்கிரமே மறுபடி கிழியும்.

இறப்பர் புஷ் உள்ள எந்த ஆணியையும் கார் தூக்கி நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரை இறக்கியதும் இறப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே வேலை செய்யும். பின் ஹப்புக்குக் கீழே ஜக் வைத்து, கார் தரையில் நிற்கும் உயரத்துக்குத் தூக்கிவிட்டு இறுக்க வேண்டும். நல்ல புஷ்களைப் பலர் சாகடிப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

யாட் ஆர்மின் உண்மையான பெறுமதி என்ன தெரியுமா? உங்கள் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசையில் வைத்து எல்லாவற்றையும் தயார்ப்படுத்தலாம். கறளைச் சுரண்டி, நிறம் அடித்து, புஷ், பெயரிங், டிஸ்க் எல்லாம் ஏற்றி வைத்துவிட்டு, ஒரு சனி ஞாயிறில் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதுதான் வேலை. பின் பெயரிங் ஹப்போடு முழுதாக வருவது, அதற்குப் பிரஸ் தேவையில்லை.

பின் கலிப்பர் பற்றி ஒரு விஷயம். கைப் பிறேக் அதற்குள்ளேயே இருக்கிறது, குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடும் ஊரில் அது இறுகிப்போகிற பொருள். யாட் கலிப்பரைப் பூட்ட வேண்டாம். ஆனால் கழற்றிக்கொண்டு வாருங்கள். கடையில் புதுப்பித்த கலிப்பர் வாங்கினால் பழையதைத் திருப்பிக் கொடுக்கும்வரை கோர் பணம் என்று ஒரு தொகை பிடிப்பார்கள். உங்கள் காரில் இருப்பது ட்ரம், திருப்பிக் கொடுக்க உங்களிடம் பழைய பின் கலிப்பர் இல்லை. யாட்டில் சில டொலருக்கு எடுத்த கறள் பிடித்த கலிப்பர் அந்தப் பணத்தை மீட்டுத் தரும். முன்பக்கத்துக்கும் அப்படியே. பின் பிஸ்ரனை நேரே அமுக்க முடியாது, வலஞ்சுழியாகத் திருகித்தான் உள்ளே விட வேண்டும். திருகி முடித்ததும் அதில் உள்ள வெட்டு, பாட்டின் முளைக்கு நேரே வர வேண்டும். கைப் பிறேக் கேபிளும் டிஸ்க்குக்கு வேறு. உங்கள் தலைமுறை எஸ்ஐ ஹாட்ச்பாக்கின் கேபிள் என்று கேட்டுப் புதிதாகவே வாங்குங்கள், உறைக்குள் கறள் பிடித்த கேபிளில் காசைப் போட வேண்டாம்.

டிஸ்க் போட்ட பலர் விட்டுவிடுகிற பாகம் ஒன்று உண்டு: புரொபோர்ஷனிங் வால்வு. பிறேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்னுக்குப் போகும், பின் சில்லு இலேசாகும். பின்பக்கம் முதலில் பூட்டினால் கார் சுழலும். அதனால் பின்னுக்குப் போகும் அழுத்தத்தை இந்த வால்வு ஓர் எல்லைக்கு மேல் மட்டுப்படுத்துகிறது. ட்ரம் சுழற்சியோடு தானே இன்னும் இறுக்கிப் பிடிக்கும் இயல்புள்ளது, அதற்குக் குறைந்த அழுத்தம் போதும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. ட்ரம் வால்வை அப்படியே விட்டால் உங்கள் புதிய பின் டிஸ்க் பாதி நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஏபிஎஸ் (பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத இன்டெக்ராவின் வால்வில் 4040 என்று எண் பொறித்திருக்கும். இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலான தீச்சுவரில், பயணி பக்கத்தில் இருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் யாட்டிலிருந்து எடுக்கலாம் என்பேன், அசையும் பாகம் குறைவு, உள்ளே கறள் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். குழாய் நட்டுகளுக்கு 10 மில்லிமீற்றர் ஃபிளேர் ரென்ச் தேவை, திறந்த வாய் ஸ்பனர் மூலைகளை மழித்துவிடும். உங்கள் இரும்புக் குழாய்கள் அந்த நேரத்தில் முறியலாம். அப்படி முறிந்தால் வருத்தப்படாதீர்கள், எப்படியும் மாற்ற வேண்டியவைதான். செம்பு-நிக்கல் குழாய் வாங்கிப் போடுங்கள், உப்பு அதை ஒன்றும் செய்யாது.

மாஸ்டர் சிலிண்டர் புதிது. இன்டெக்ராவுக்குரிய 15/16 அங்குல விட்டம் போதும். அதைவிடப் பெரிதாகப் போனால் நல்லது என்று சிலர் சொல்வார்கள், கேட்க வேண்டாம். உங்கள் காரின் 13/16இலிருந்து 15/16க்குப் போகும்போதே பிஸ்ரனின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கும், ஆனால் அதே அழுத்தத்துக்குக் கால் அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும்.

ஷொக், ஸ்பிரிங். யாட் ஷொக்கை மறந்துவிடுங்கள், உள்ளே இருக்கும் எண்ணெயும் சீலும் காரின் வயதே. இன்டெக்ரா ஏறத்தாழ 1,200 கிலோ, உங்கள் ஹாட்ச்பாக் 1,000 கிலோவை ஒட்டி. கனமான காரின் ஸ்பிரிங் இலேசான காரில் உயர்ந்து நிற்கும், குழியில் துள்ளும். உங்கள் சொந்த ஸ்பிரிங் முறியாமல் இருந்தால் அதையே வைத்துப் புது ஷொக் நான்கு போடுங்கள். பட்ஜெற்றில் பெரிய பங்கு அதற்குப் போகட்டும், ஓட்டும்போது ஒவ்வொரு நிமிஷமும் உணரப்போவது அதைத்தான்.

இன்டெக்ரா எல்எஸ்ஸின் மெல்லிய ஸ்வே பார் நல்லது, எடுக்கலாம், அதற்குரிய கீழ் ஆர்ம்களையும் லிங்குகளையும் சேர்த்து எடுங்கள். ரைப் ஆரின் தடித்த பார் கிடைத்தாலும் வேண்டாம். பலப்படுத்தும் தகடு இல்லாமல் அதைப் போட்ட சிவிக்குகளில் பின் குறுக்குச் சட்டத்தின் தகடு கிழிந்திருக்கிறது. 30 வருஷம் உப்பு தின்ற தகட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

அந்த இன்டெக்ரா முன் வலப்பக்கம் இடிபட்டது என்றீர்கள். அப்படியென்றால் முன் வல நக்கிளைத் தொடவே வேண்டாம். பார்வைக்கு நேராக இருக்கும், பூட்டி அலைன்மென்ற்றுக்கு (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்ய) கொண்டுபோகும்போதுதான் வளைவு தெரியும். வேறு காரில் தேடுங்கள். பின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், உங்கள் காரில் ட்ரெயிலிங் ஆர்ம் ஆணி ஏறும் இடத்தைச் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். பின் வளைவில் கறள் இருக்கிறது என்றீர்கள், அது உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதில்தான் இந்த வேலை செய்யலாமா இல்லையா என்பதே இருக்கிறது. சத்தம் மந்தமாக வந்தால் பிறேக் காசை வெல்டருக்குக் கொடுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லி, சொன்னதை மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். சேஃப்டி சான்றிதழ் கார் பெயர் மாறும்போது தேவைப்படுவது. அங்கே பார்ப்பது தடிப்பு, கசிவு, ஆட்டம், கைப் பிறேக் பிடிக்கிறதா என்பதை. ஹொண்டாவின் பாகம் ஹொண்டாவில் ஒழுங்காகப் பூட்டியிருந்தால் அதில் பயப்பட எதுவும் இல்லை.


தயா (பிரம்ரன்)

சிவா அண்ணை சொன்னதில் பின் டிஸ்க் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நான் இதே தலைமுறைச் சிவிக் செடான் ஒன்றைக் குளிர்காலம் முழுக்க ஓட்டுகிறேன். பின் ட்ரம் மூடிய பெட்டி. உப்புத் தண்ணி உள்ளே போவது குறைவு, ஷூ பல வருஷம் வரும், கைப் பிறேக் இறுக்கமாகப் பிடிக்கும். என் தம்பியின் இன்டெக்ராவில் பின் கலிப்பரின் கைப் பிறேக் லீவர் இறுகி, விடுபடாமல் பாட் தேய்ந்து டிஸ்க் நீலமாகிப்போனது. தினமும் வேலைக்குப் போகிற காருக்கு முன்பக்கம் 262 போட்டு, பின் ட்ரம்மைச் சுத்தம் செய்து புது ஷூ, புது சில்லுச் சிலிண்டர் போட்டால் போதும். வால்வை மாற்ற வேண்டாம், கேபிள் மாற்ற வேண்டாம், செலவும் பாதி. முன்பக்கப் பிடி கூடுவதால் பின் சில்லு முதலில் பூட்டும் ஆபத்தும் இல்லை.


நிரோ (ஸ்காபரோ)

எல்லோருக்கும் மிக்க நன்றி. எண்ணெயை மாற்றினேன், வெளியே வந்தது தேயிலைச் சாயம்போல் கறுப்பு. பெடல் இப்போதே வேறு மாதிரி இருக்கிறது. ஆர்ம் ஏறும் இடத்தைத் தட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் கெட்டியான சத்தம்தான். புஷ் இரண்டும் கிழிந்திருக்கின்றன, சிவா அண்ணை சொன்னது போலவே நெம்பும்போது வாய் திறக்கிறது.

யாட்டுக்கும் போய்ப் பார்த்தேன். அந்த எல்எஸ்ஸில் ஏபிஎஸ் இருக்கிறது. முன் இட நக்கிள், பின் ஆர்ம் எல்லாம் நல்லது. இரண்டு வரிசை தள்ளி ஏபிஎஸ் இல்லாத 1995 இன்டெக்ரா ஒன்றும் கிடக்கிறது, பின்னால் இடிபட்டது. ஏபிஎஸ் காரின் பாகத்தை எடுத்தால் என் காரில் பிரச்சினை வருமா? தயா அண்ணை சொன்னதையும் யோசிக்கிறேன், பின்பக்கம் டிஸ்க்கா ட்ரம்மா என்று முடிவெடுக்க முடியவில்லை.


கராஜ் சிவா

மிகவும் நல்லது. இரண்டு கார் கிடைத்ததே பெரிய விஷயம். முன் நக்கிள் இரண்டையும் பின்னால் இடிபட்ட 95இலிருந்து எடுங்கள், ஒரே காரின் சோடியாக வரும். 4040 வால்வும் அதிலேயே இருக்கும். பின் ஆர்ம் இரண்டும் முன்னால் இடிபட்ட எல்எஸ்ஸிலிருந்து. அதில் ஏபிஎஸ் சென்சர் ஏறும் துளை இருக்கும், சென்சரை எடுத்துவிட்டு மண் போகாமல் ஒரு மூடி போட்டால் சரி. ஹப்பில் பல் வளையம் இருந்தால் சும்மா சுற்றும், ஒன்றும் செய்யாது. அந்த எல்எஸ்ஸின் வால்வையும் மாஸ்டர் சிலிண்டரையும் மட்டும் எடுக்காதீர்கள், ஏபிஎஸ் காரின் குழாய் அமைப்பே வேறு.

தயா சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. ட்ரம் இந்த ஊர்க் குளிருக்கு நல்ல பொருள், பின்பக்கம் செய்கிற வேலையும் சிறியது. உங்கள் புஷ் நல்லதாக இருந்திருந்தால் நானும் ட்ரம்மையே வைத்திருங்கள் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு புஷ்ஷும் கிழிந்துவிட்டன. எப்படியும் ஆர்ம் இரண்டையும் கழற்றத்தான் வேண்டும், குழாயை அவிழ்க்கத்தான் வேண்டும். உங்கள் சொந்த ஆர்மைக் கழற்றிப் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோனால் அதுவரை கார் ஸ்ராண்டில் நிற்கும். யாட் ஆர்மை மேசையில் முடித்து வைத்தால் கார் ஒரு நாளும் நிற்காது. அந்தக் காரணத்துக்காகத்தான் டிஸ்க் என்கிறேன், பிறேக் தூரத்துக்காக இல்லை. டிஸ்க் போட்டால் தயாவின் தம்பிக்கு நடந்தது நடக்காமல் இருக்க, வருஷத்துக்கு இரண்டு தடவை, சில்லு மாற்றும் நேரத்தில், கலிப்பரின் ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கோன் கிறீஸ் போடுங்கள். கைப் பிறேக் லீவர் கேபிளை விட்டதும் தன் நிறுத்தத்தில் போய் மோதுகிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். குளிர்காலத்திலும் கைப் பிறேக்கைத் தினமும் பாவியுங்கள், பாவிக்காமல் விட்டால்தான் இறுகும்.

கழற்றும்போது பின் கீழ் ஆர்மின் ஆணி புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், வெளியே வராது. அடித்து அடித்து உடம்பில் இருக்கும் காதை வளைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் வாளால் அறுத்து எடுங்கள். முதலே புதிய ஆணிகளும் புதிய கீழ் ஆர்ம் புஷ்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது ஆணியின் நடுப்பகுதிக்கு அன்ரி-சீஸ் (ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) பூசுங்கள், புரிக்குப் பூச வேண்டாம்.

வேலை முடிந்த அன்றே நான்கு சில்லு அலைன்மென்ற். பின் டோவை (பின் சில்லு உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம்) சரிசெய்யும் நீள்துளை ஆர்முக்கு முன்னால் உள்ள சின்ன கொம்பன்சேற்றர் ஆர்மில் இருக்கிறது, அதன் ஆணி கறளில் இறுகியிருந்தால் கடையில் கைவிரித்துவிடுவார்கள். நீங்களே முன்கூட்டி இளக்கி எண்ணெய் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, முதல் பதிவில் சொல்ல விட்டுப்போனது. உங்கள் 13 அங்குலப் பனிக்கால இரும்புச் சில்லுகள் 262 டிஸ்க்கின் மேல் ஏறாது, கலிப்பரில் தட்டும். குறைந்தது 14 வேண்டும். இந்த வேலையை ஒக்ரோபரில் முடித்துவிட்டு நவம்பரில் பனி ரயர் பூட்டப் போய் நிற்காதீர்கள். அந்த 95இல் 14 அங்குல இரும்புச் சில்லு இருந்தால் நான்கையும் பார்த்து எடுங்கள், விளிம்பு வளைந்திருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். 185/60 ஆர்14 பனி ரயர் இப்போதும் கடைகளில் கிடைக்கிறது. உங்கள் 13 செட்டை விற்றுவிடலாம், டிஎக்ஸ் வைத்திருக்கிற தயா போன்றவர்கள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். சில்லு நட்டு 108 நியூற்றன் மீற்றர், ஐம்பது கிலோமீற்றர் ஓடிவிட்டு மறுபடி ஒருக்கால் இறுக்குங்கள்.


தயா (பிரம்ரன்)

நிரோ, அந்த 13 செட்டை வேறு யாருக்கும் கொடுக்க முதல் எனக்கு எழுதுங்கள். உங்களுக்குப் பிரஸ் தேவை என்றால் என் கராஜில் இருக்கிறது, புஷ்ஷும் பெயரிங்கும் ஒரே பின்னேரத்தில் முடித்துவிடலாம். ஆர்மில் கோடு கீறிக்கொண்டு வாங்கோ.